இரண்டாவது பை

புயலுக்கு முன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இரண்டு பை கட்டுகிறார்கள். முதல் பையைக் கட்டுவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரத்தின் நகல், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள், டார்ச், பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம், தண்ணீர், பிஸ்கட். அரசாங்கத்தின் துண்டறிக்கையில் இருப்பதும் ஏறக்குறைய இவைதான். கூடத்து நடுவில் பை திறந்து கிடக்க, ஒருவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, இன்னொருவர் எடுத்துவைக்க, அது நிறைகிறது. இரண்டாவது பை படுக்கையறையில் கட்டப்படுவது. கதவைப் பாதி சாத்திக்கொண்டு, இது எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற அவசரத்தோடு கட்டப்படுவது. பழகிய தலையணை, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப் போர்வை, காப்பி ஃபில்டர், குழந்தை கையில் இல்லாமல் தூங்காத கரடிப் பொம்மை, முட்டிக்குத் தடவும் தைலம், படிக்கலாம் என்று ஒரு நாவல். இந்த இரண்டாவது பை சில மழைக்காலங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. உயிர் தப்பப் போகிற இடத்துக்குச் சௌகரியத்தையும் சேர்த்து எடுத்துப்போகலாமா என்பது ஒரு கேள்வி. எடுத்துப்போகிறவள் ஏன் அதை ஒளித்துவைக்கிறாள் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டாவதைச் சுற்றித்தான் மனம் திரும்பத் திரும்ப வருகிறது.

சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு இன்னும் விடியவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த தண்ணீரும் தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகளின் உபரியும் புறநகரைச் சூழ்ந்த அந்த இரவில், தரைத்தளத்தில் படுத்திருந்தவர்கள் பலர் மெத்தை நனைந்த பிறகுதான் விழித்தார்கள். அதற்குப் பிறகு வார்தா, நிவர், மிக்ஜாம், ஃபெஞ்சல் என்று புயல்களின் பெயர்கள் மாறின. வங்கக் கடலில் ஒரு சுழி கிளம்பியது என்று கேட்டதும் அடிவயிறு இறுகுவது மாறவில்லை. 2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசைகட்டி நின்ற படத்தை நாடே பார்த்தது. காரை மேம்பாலத்தில் ஏற்றுகிற மனம்தான் குடும்பத்தை ஓட்டலில் ஏற்றுகிறது. மேட்டுப் பகுதியில், ஜெனரேட்டர் உள்ள, லிஃப்ட் ஓடுகிற ஓர் ஓட்டலில் இரண்டு இரவுக்கு அறை போடுவது இப்போது இந்தப் பக்கத்து நடுத்தரக் குடும்பங்களின் மழைக்கால வழக்கங்களில் ஒன்று. அந்த அக்டோபரில் தாழ்வு மண்டலம் 17-ம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்துபோனது. பயந்த அளவுக்கு மழை கொட்டவில்லை. முன்கூட்டியே கிளம்பியவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை. 1999 புயலில் ஒடிசாவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேரைக் கொண்டுபோன கடல், 2013-ல் ஃபைலின் புயல் வந்தபோது சில பத்துப் பேரோடு திரும்பியது என்றால், இடையில் நடந்தது ஒன்றுதான்: இலட்சக்கணக்கானவர்கள் காற்று வருவதற்கு முன்பே வீட்டை விட்டு வெளியேறினார்கள். வராத மழைக்காகக் கிளம்பியது வீண் என்று நினைப்பவர்கள், வருகிற மழைக்கும் கிளம்ப மாட்டார்கள்.

வீட்டை விட்டுப் போவதற்கு முன் வீட்டுக்குச் செய்யவேண்டியவை கைக்குப் பழகிவிட்டன. மெயின் சுவிட்சை அணைப்பது, காஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் மிதந்துபோகாமல் ஜன்னல் கம்பியோடு கட்டுவது, ஃபிரிட்ஜைக் கல் வைத்து உயர்த்துவது, பள்ளிச் சான்றிதழ்களைப் பரணில் ஏற்றுவது, சாக்கடை எதிர்த்து ஏறிவராமல் கழிப்பறைக் கோப்பைக்குள் மணல் மூட்டையைத் திணித்து வைப்பது. இவை எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுவது அம்மா. எண்பதைத் தாண்டிய அவளுக்கு ஓட்டல் என்றால் மசால் தோசை சாப்பிடுகிற இடம். படுக்கிற இடம் இல்லை. “அங்க போய் எனக்கு என்னடி தூக்கம் வரப்போகுது? தண்ணி வந்தா மாடி வீட்டுல போய் உக்காந்துக்கறேன், நீங்க போங்க” என்பாள். அவளைக் கிளப்பியது வானிலை அறிக்கை இல்லை. இலவம் பஞ்சுத் தலையணையைச் சுருட்டிப் பையில் வைத்ததைப் பார்த்த பிறகுதான் அவள் எழுந்து சேலை மாற்றினாள். அந்தத் தலையணையை இப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நடுவில் ஒரு பள்ளம். பல வருடம் ஒரே பக்கம் ஒருக்களித்துப் படுத்த தலை உண்டாக்கியது. உறையின் ஒரு மூலையில் தைலத்தின் மஞ்சள் கறை, எத்தனை வெளுத்தாலும் போகாதது. ஓட்டல் தலையணைகள் உயரமானவை, விறைப்பானவை. அவற்றில் படுத்தால் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும், ராத்திரி முழுதும் உட்கார்ந்திருப்பாள். தலையணையோடு ஒரு பிளாஸ்டிக் மக், ரப்பர் செருப்பு, விபூதிச் சம்புடம், அவளுடைய எவர்சில்வர் டம்ளர். மக் எதற்கு என்று கேட்பவர்கள், ஷவர் மட்டும் உள்ள குளியலறையில் முட்டி மடங்காத ஒரு கிழவி எப்படிக் கால் கழுவுவாள் என்பதை யோசித்திருக்க மாட்டார்கள். வழவழப்பான தரையில் அந்தச் செருப்பு இல்லாமல் அவள் வழுக்கி விழுந்தால், வெள்ளத்துக்குத் தப்பி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதாகும். இந்தச் சாமான்களைச் சௌகரியம் என்று சொல்வதா, அவசியம் என்று சொல்வதா? இரண்டு பைகளையும் பிரிக்கிற கோடு எங்கே ஓடுகிறது என்று எனக்கு இந்த இடத்தில்தான் முதலில் மங்கலாயிற்று.

மங்கலான அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனால், கிளம்ப மறுத்தவர்களின் கதைகளுக்கு வந்து சேர்கிறோம். 1991 ஏப்ரல் 29-ம் தேதி இரவு வங்கதேசத்தின் சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். எச்சரிக்கை அவர்களில் பலர் காதுக்கு எட்டியிருந்தது. அந்நிய ஆண்களோடு நெருக்கியடித்து நிற்கவேண்டிய, மறைவில்லாத, பெண்களுக்கென்று கழிப்பறை இல்லாத கட்டடத்துக்குப் போகப் பலர் தயங்கினார்கள். பலர் கணவர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். பிற்பாடு அங்கே கட்டிய பல புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறையும், மாடுகளை ஏற்றிவைக்க மேடும் சேர்க்கப்பட்டன. 2005-ல் கட்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது, வளர்ப்புப் பிராணிகளை உடன் கொண்டுவர அனுமதி இல்லை என்பதாலேயே வீட்டில் தங்கிவிட்டவர்கள் ஏராளம். பேருந்தில் ஏறும் இடத்தில் ஒரு சிறுவன் கையிலிருந்து சின்ன வெள்ளை நாயைப் பிடுங்கிக்கொண்ட செய்தி அந்த நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டே, மக்களை வெளியேற்றும் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளுக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. ஒரு நாய்க்குட்டியின் துணை என்பது எந்தத் துண்டறிக்கையின் அவசியப் பட்டியலிலும் இருந்ததில்லை. அது இல்லாமல் கிளம்ப மாட்டோம் என்று மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்த பிறகுதான் சட்டம் அதைக் கற்றுக்கொண்டது. நம் ஊர்க் கடலோரத்தில் ஆட்டுக்காகவும் கறவை மாட்டுக்காகவும், வலைக்கும் இன்ஜினுக்கும் காவலாகவும் தங்கிவிடுகிற ஆண்களைப் பிடிவாதக்காரர்கள் என்று அதிகாரிகள் திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். பிடிவாதம் என்று தெரிவது, பல சமயம், எடுத்துப்போக முடியாத ஒன்றை விட்டுப்போக மனமில்லாத நிலைதான். இரண்டாவது பையைக் கட்ட அனுமதிக்காத இடத்துக்கு ஆள் வர மறுக்கிறான். முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: சௌகரியம் தப்பித்தலுக்கு எதிரி இல்லை. பல பேருக்கு அதுதான் வாசற்படியைத் தாண்ட வைக்கிறது.

இப்படி நியாயம் கண்டுபிடித்த பிறகும் உறுத்தல் போகவில்லை. ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்வது அறையை அளப்பது. கட்டில் ஆறடிக்கு ஆறரை அடி. முப்பத்தொன்பது சதுர அடி. மீட்டர் கணக்கில் 3.6 சதுர மீட்டர். இந்த எண்ணை நான் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 12-ம் பிரிவின்படி தேசிய ஆணையம் வகுத்த நிவாரணத்துக்கான குறைந்தபட்ச வரையறைகளில், முகாமில் ஒரு நபருக்கு 3.5 சதுர மீட்டர் இடம் தரவேண்டும் என்று இருக்கிறது. நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குடிநீர், பெரியவர்களுக்கு 2,400 கலோரி உணவு, முப்பது பேருக்கு ஒரு கழிப்பறை. அதாவது, நான் படுக்கிற கட்டிலின் பரப்புதான், சட்டம் முழுமையாக நடந்தால், இன்னொருவருக்குக் கிடைக்கவேண்டிய மொத்த உலகம். படுக்க, உட்கார, மூட்டையை வைக்க, பிள்ளையைத் தூங்கவைக்க, உடை மாற்ற எல்லாவற்றுக்கும் அது. இருபதுக்கு இருபது அடி வகுப்பறை ஒன்றில் இந்தக் கணக்குப்படி பத்துப் பேர்தான் தங்கலாம். மழை நாளில் மாநகராட்சிப் பள்ளி வகுப்பறையை எட்டிப் பார்த்தவர்களுக்கு அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியும். பெஞ்சுகளை ஒருபுறம் அடுக்கி, மிச்சத் தரையில் பாயோடு பாய் ஒட்டிக் கிடக்கும். அந்த வரையறைகளை எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. குறைந்தபட்சம் என்று ஒன்றை எழுதிவைத்தது பெரிய காரியம். குறைந்தபட்சத்தில் தலையணைக்கு இடமில்லை என்பதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை.

எங்கள் வீட்டில் வேலை பார்க்கிற பெண் செம்மஞ்சேரியில் இருக்கிறாள். அவள் குடும்பம் ஆற்றங்கரையில் இருந்தது. வெள்ளம் வரும் இடம், உங்களுக்கு ஆபத்து என்று சொல்லி நகரத்துக்கு வெளியே அனுப்பிவைத்தார்கள். அனுப்பிவைத்த இடம் சதுப்பு நிலத்தை ஒட்டிய பள்ளம். ஒவ்வொரு பெருமழைக்கும் அங்கே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. ஆற்றிலிருந்து காப்பாற்றி ஏரியில் விட்ட கதை. முகாமுக்குப் போகும்போது என்ன எடுத்துப்போவாய் என்று ஒரு முறை கேட்டேன். ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், இரண்டு செட் துணி என்று முதல் பையை ஒப்பித்தாள். வேறு எதுவும் இல்லையா என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “பழைய சேலை ஒண்ணு எடுத்துக்குவேன்க்கா. ஜன்னல் கம்பிக்கும் பெஞ்சுக்கும் குறுக்க கட்டிட்டா, பெரியவ துணி மாத்த ஒரு மறைப்பு ஆச்சு. ராத்திரி பாத்ரூமுக்குத்தான் போவ பயம். தாப்பா இருக்காது. அதனால சாயங்காலத்துக்கு மேல ரெண்டு பேரும் தண்ணி குடிக்க மாட்டோம்.” சட்டம் மூன்று லிட்டர் குடிநீர் கொடுக்கச் சொல்கிறது. தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு, அதில் பெரும்பங்கைக் குடிக்கவிடாமல் செய்துவிடுகிறது. அவளுடைய இரண்டாவது பையில் இருப்பது ஒரே ஒரு பழஞ்சேலை. அதற்கும் எங்கள் வீட்டுத் தலையணைக்கும் வேலை ஒன்றுதான்: வீடில்லாத இரவில் வீட்டின் ஒரு துண்டைக் கையோடு வைத்திருப்பது. என் துண்டு மென்மையாக இருக்கிறது. அவளுடையது மகளின் மானத்தைக் காக்கிற வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அவள் சொன்னதைக் கேட்ட பிறகு ஓட்டல் அறையின் அமைதி வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்த அறைகளின் ஜன்னல் திறக்காது. இரட்டைக் கண்ணாடிக்கு வெளியே வேப்பமரம் தலைவிரித்து ஆடும், ஓசை வராது. ஏசியின் மெல்லிய இரைச்சலுக்கு நடுவே தொலைக்காட்சியில் நம் தெருவையே காட்டுவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு யாரோ நடப்பார்கள். குழந்தைகளுக்கு அது விடுமுறை. காலை உணவு வரிசையில் ஆவி பறக்கும் பொங்கல் இருக்கும். புயலைக் கேட்காமல் புயலுக்குள் இருப்பது மனத்துக்கு நல்லதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மாடி வீட்டில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் கீழ், தெருவே கூடி ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சிய 2015-ன் நாட்களைப் பலர் ஏக்கத்தோடு சொல்வதுண்டு. அந்த நெருக்கம் ஓட்டல் தாழ்வாரத்தில் கிடைக்காது. ஆனால் அந்த ஏக்கத்தில் நான் முழுசாகச் சாய மாட்டேன். அந்த மாடிகளில் இன்சுலின் கெட்டுப்போனவர்களும், டயாலிசிஸுக்குப் போக முடியாமல் தவித்தவர்களும் இருந்தார்கள். கஷ்டத்தைச் சேர்ந்து பட்டால் மனிதர்கள் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், கஷ்டத்தையே கொண்டாடிவிடக் கூடாது. என் சங்கடம் வேறு. வரவேற்பு மேசையில் இருந்த பையன் முந்தின நாள் காலையிலிருந்து அதே சட்டையில் இருந்தான். அவன் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தெருவில் தண்ணீர். மாற்று ஆள் வர முடியவில்லை. படுக்கை விரிப்பை மாற்ற வந்த பெண், பக்கெட்டும் மக்கும் கேட்ட அம்மாவுக்கு அவற்றை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து தந்துவிட்டு, தன் வீட்டுக்குப் போன் போட்டு, “கரண்ட் வந்திடுச்சா?” என்று கேட்டாள். நாங்கள் தப்பி வந்த இடம் அவர்கள் தப்ப முடியாமல் நின்ற இடம். அங்கே என் தூக்கத்தைச் சாத்தியமாக்கியவர்கள் தூங்கவில்லை.

ஆக, இரண்டாவது பையை நாம் ஏன் ஒளிக்கிறோம் என்பதற்கு என்னிடம் ஒரு விடை உருவாகியிருக்கிறது. மென்மையான போர்வை பாவம் என்று நாம் நிஜமாகவே நம்புவதில்லை. அந்தப் பையை அறை வாடகை கொடுக்க முடிந்தவர் மட்டுமே திறக்க முடியும் என்பதை உள்ளுக்குள் அறிந்திருக்கிறோம். ஒரே மழை, ஒரே எச்சரிக்கை, ஒரே இரவு. மேலிருப்பவருக்குத் தூக்கம், கீழிருப்பவருக்குக் குறைந்தபட்சம். இந்தச் சமமின்மையைச் சரிசெய்ய இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, குற்றவுணர்ச்சியில் தலையணையை வீட்டிலேயே விட்டுப்போவது. அதனால் அம்மாவின் கழுத்து வலிக்குமே தவிர, செம்மஞ்சேரியில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. துறவு பாவனை எந்த வகுப்பறையையும் பெரிதாக்கியதில்லை. இன்னொன்று, அந்தப் பையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, இதுவும் மனிதருக்கு வேண்டியதுதான் என்று வாய்விட்டுச் சொல்வது. சொன்ன பிறகு அதை எல்லோருக்குமாகக் கேட்காமல் இருக்க முடியாது. வயதானவர்களுக்குத் தரையில் பாய் போதாது, எழ முடிகிற உயரத்தில் ஒரு கட்டில் வேண்டும். பாலூட்டுகிறவளுக்கு ஒரு மறைப்பு வேண்டும். மாதவிடாய்க்கான துணியோ நாப்கினோ வரையறைகளில் இருக்கிறது. அதை மாற்ற வெளிச்சமுள்ள, பூட்டக்கூடிய ஓர் இடமும் வேண்டும். குழந்தைக்கு இரவில் விளக்கு வேண்டும். சாம்பார் சாதப் பொட்டலத்தோடு, விடிகாலையில் சூடாக ஒரு டீ வேண்டும். இவற்றில் எதற்கும் கோடிகள் தேவையில்லை. இவை சலுகையும் இல்லை. அடுத்த எச்சரிக்கைக்கு ஒரு தாய் தன் மகளோடு முன்கூட்டியே கிளம்பிவருவாளா, தண்ணீர் ஏறும்வரை வீட்டிலேயே காத்திருப்பாளா என்பதை இவைதான் முடிவுசெய்கின்றன.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். முகாம்களாக மாறப்போகிற பள்ளிகள் எவை என்று மாநகராட்சி முன்பே பட்டியல் போடுகிறது. உங்கள் வார்டில் உள்ள பள்ளி எது என்று கவுன்சிலரிடம் கேட்டால் சொல்வார். செப்டம்பரில் ஒரு நாள் அங்கே போய்ப் பாருங்கள். கழிப்பறைக் கதவுகளை உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவுகளை எண்ணி, எழுதி, கையெழுத்து போட்டுக் கொடுங்கள். மாட்டும்வரை திரும்பத் திரும்பப் போய்க் கேளுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரிடம், மழை வந்தால் எங்கே போவீர்கள், கூட என்ன எடுத்துப்போக ஆசை என்று கேளுங்கள். பிறகு உங்கள் இரண்டாவது பையைத் தாராளமாகக் கட்டுங்கள், கதவைத் திறந்துவைத்துக்கொண்டே கட்டுங்கள். புயலில் நிம்மதியாகத் தூங்க நினைப்பது தவறில்லை. அந்தத் தூக்கம் அறை வாடகைக்கு மட்டும் கிடைக்கும் பொருளாக இருப்பதுதான் தவறு.